டீக்கு ஒரு ஊது

அவர் எங்கள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த அன்று என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அண்ணாச்சி, அந்தச் சத்தம் எதுக்கு?" என்பதுதான். டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று, பரணில் எலி ஓடுகிறதா என்று கேட்கிறவர் மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எந்தச் சத்தம் மேடம்?" என்றேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, என் தலைக்கு மேலே கார்டு அடிக்கிற மிஷின் விட்டு விட்டுக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. "அது ரிப்பன் தீந்தா கத்தும் மேடம். கத்திகினே கீது, நாங்க கண்டுக்கறதில்ல."

"எம்புட்டு நாளா?"

"பொங்கலுக்கு முன்னாடிலேர்ந்து."

"பாவம், தொண்ட வத்திப் போயிருக்கும்," என்றார். அன்று சாயங்காலத்துக்குள் ஸ்டோரில் சண்டை போட்டு ரிப்பன் வாங்கி, தன் கையாலேயே மாட்டினார். கீச்சொலி நின்ற பிறகுதான் இத்தனை மாதமாக எனக்கு ஏன் தலை வலித்தது என்று புரிந்தது. நன்றி சொல்லத் தோன்றவில்லை. வந்த முதல் நாளே என் மிஷினில் கை வைக்கிறாரே என்று கோபம்தான் வந்தது.

ஒரகடம் ரோட்டின் இருபுறமும் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். எங்களுடையது காருக்குக் கதவையும் தரையையும் தகட்டில் அடித்து, பெயிண்ட் பூசி அனுப்புகிற இடம். அவர் எங்கள் பாதுகாப்பு அதிகாரி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், டிப்ளமா படித்தவர், நல்ல உயரம், நல்ல குரல். அடக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. "சத்தத்தப் பத்தி இந்த ரோட்டுல என்னைய விடத் தெரிஞ்சவ இருந்தா கூட்டிட்டு வாங்க, கால்ல விழுதேன்," என்பார். அப்படி யாரையும் கூட்டிவர முடியாது என்பதுதான் எங்களுக்கு எரிச்சல். சண்டை போட்டதற்கு மறுநாள் ஊரிலிருந்து வந்த கருப்பட்டி மிட்டாயை நீட்டுவார். வாங்கிக்கொள்ளாமல் இருக்கவும் முடியாது.

அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம். ஒரு சத்தம் என்றால் அது ஒரு சேதியைத்தான் சொல்ல வேண்டும், அந்தச் சேதி பொய்யாக இருக்கக் கூடாது. படப்பையில் அவர் குடியிருந்த வரிசை வீடுகளில் எல்லா வாசலிலும் குருவி பெல் மாட்டியிருந்தார்கள். அப்போது ஊரெல்லாம் அந்தக் குருவிதான் கத்தும். ஒரு வீட்டில் யாராவது பொத்தானை அழுத்தினால் நாலு வீட்டுக் கதவு திறக்கும். இவர் குடிவந்த வேகத்தில் வீட்டுக்கு ஒரு பெல்லாக மாற்றவைத்துவிட்டார். ஒரு வீட்டுக்கு டிங்டாங், இன்னொரு வீட்டுக்கு மணி, கடைசி வீட்டுக்கு வெறும் 'டர்ர்'. டர்ர் வாய்த்த வீட்டு அம்மா கொஞ்ச நாள் இவரோடு பேசவில்லை.

தகடு ஏற்றிவரும் லாரிகள் பின்பக்கமாக வரும்போது பாட்டுப் பாடும். அதற்கென்று ஒரு சின்னப் பெட்டியை மாட்டிக்கொள்வது அன்றைய மோஸ்தர். ஒரு நாள் அவர் கேட்டிலேயே ஒரு லாரியை நிறுத்தினார்.

"ஏம்ப்பா, வண்டி பின்னால வருது, தள்ளி நில்லுன்னு சொல்லணும். நீ தாலாட்டுலா பாடுத?"

"ஓனர் ஆசையா மாட்டினது மேடம்," என்றார் டிரைவர்.

"அவர் ஆசைய அவர் வீட்டுத் தொட்டில்ல மாட்டச் சொல்லு. இங்கன பீப் பீப்தான்." மறு நடைக்கு அந்த லாரி பீப் அடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தது.

இப்படிப்பட்டவர் என்றைக்காவது என் சைரனிடம் வந்து நிற்பார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆமாம், என் சைரன். கூரைமேல் பெரிய மோட்டார் சைரன், அதன் பொத்தான் என் நாற்காலிக்குப் பக்கத்தில். ஒரு ஊது ஊதினால் டீ, இரண்டு ஊதினால் ஷிப்ட், மூன்று ஊதினால் தீ என்று நோட்டீஸ் போர்டில் எழுதியிருக்கும். ஆயுத பூஜைக்கு அதற்கு நானே ஏறிச் சந்தனம் வைப்பேன். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைப்பாக்கத்து நிலம். அங்கே நாற்று நடுகிற கன்னியம்மாவும் அவள் கூட்டாளிகளும் என் டீ ஊதைக் கேட்டுத்தான் வரப்பில் ஏறுவார்கள். மணிமங்கலம் கோயில் மணியைவிட என் சைரனுக்கு மதிப்பு அதிகம் என்று என் வீட்டில் சொல்லி, பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

அவர் சேர்ந்த சில வாரங்களில் தீ ஒத்திகை வைத்தார். சைரன் கேட்டதும் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு முன்கேட்டுக்கு வர வேண்டும். காலையில், டீக்கு வெகு நேரம் முன்பு, அவர் கை காட்டினார். நான் ஊதினேன். அது அடங்கக் காத்திருந்து மறுபடி ஊதினேன். மூன்றாவதும் ஊதினேன். கேட்டில் அவரும் ஜிஎம்மும் இரண்டு செக்யூரிட்டிகளும் நானும் நின்றோம். நாங்கள் மட்டும்தான் நின்றோம்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனோம். மொத்தக் கம்பெனியும் கேண்டீன் சுவரை ஒட்டி வரிசையில் நின்றுகொண்டிருந்தது, கையில் டம்ளரோடு. "இன்னா மாஸ்டர், சீக்கிரம் ஊதிட்டு இன்னும் டீ போடலியா?" என்று ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டார். யாரோ பெரிய மனுஷன் வந்திருக்கிறார், பிஸ்கட்டும் உண்டு என்று வரிசையில் வதந்தி வேறு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜிஎம்முக்கு முகம் சிவந்தது.

மேடம் சிரிக்கவில்லை. அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். சுவருக்கு இந்தப் பக்கம் கேண்டீன், அந்தப் பக்கம் பெயிண்ட்டில் கலக்கிற தின்னர் வைத்திருக்கும் ரூம். கம்பெனியில் தீப்பிடிக்க ஓர் இடம் உண்டென்றால் அதுதான்.

"நெசமாவே தீப்பிடிச்சிருந்தா நான் இவ்வளவு பேரையும் ஊதிக் கூப்பிட்டு அதுல தள்ளியிருப்பேன் அண்ணாச்சி," என்றார். அதன் பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் ஜிஎம் ரூமில் பஞ்சாயத்து. சைரன் என்னுடையது என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"மூணு தடவ ஊதினீங்களா இல்லியா?" என்றார் ஜிஎம் என்னிடம்.

"ஊதுனாரு சார்," என்று அவரே பதில் சொன்னார். "அவர் மேல தப்பில்ல, சைரன் மேலயும் தப்பில்ல. அது உள்ள ஒரு சக்கரம் சுத்துது. சக்கரத்துலயும் ஓட்ட ஓட்டயா இருக்கும், வெளிய இருக்க கூட்டுலயும் இருக்கும். சுத்தும்போது காத்த நறுக்கி நறுக்கி வெளிய தள்ளுது, அதான் நமக்குக் கேக்க ஊளை. சக்கரம் வேகம் பிடிக்கவும் நேரமாவும், அடங்கவும் நேரமாவும். மூணாவது ஊது வாரதுக்குள்ள ஆளு டம்ளர கழுவிட்டு நிக்கான். எண்ணிப் பாக்க எவனுக்குப் பொறும இருக்கு?"

"அப்ப ரொம்ப ஈஸி. பெரிய சைரனை தீக்கு மட்டும் வச்சுக்குவோம். டீக்கு ஒரு சின்ன பஸ்ஸர் மாட்டிடுங்க."

என் டீ ஊது அதோடு போயிற்று என்று நினைத்தேன். ஆனால் அவர் தலையை ஆட்டினார். "ஆவாது சார். நோட்டீஸ் போட்டா மூளைக்குத் தெரியும். சத்தம் கேட்டதும் நடக்கது காலு. இத்தன வருசமா அந்தச் சத்தத்துக்கு காலு கேண்டீனுக்குப் போய்ப் பழகிட்டு, அத மாத்த முடியாது. டீக்கு அதே இருக்கட்டும். தீக்குத்தான் புதுசு வேணும், இவங்க காது இதுவரைக்கும் கேட்டிராத சத்தம்."

ஜிஎம் பேனாவை மூடி வைத்தார். "சரி. வாங்குங்க. அடுத்த ஒத்திகையில ஒருத்தன் கையில டம்ளர் இருந்தாலும் நான் சொன்னபடிதான். அப்புறம் நீங்க போஸ்டர் ஒட்டற வேலைய மட்டும் பாத்தா போதும்."

அன்றைக்குத்தான் அவர் நீட்டிய கருப்பட்டி மிட்டாயை மனதார வாங்கித் தின்றேன்.

அடுத்த வாரம் சென்னையில் ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு கட்டைப் பை நிறைய சத்தம் வாங்கி வந்தார். பஸ்ஸில் வரும்போது அதில் ஒன்று தானாகக் கத்தி, பூந்தமல்லியில் கண்டக்டர் இறக்கிவிடப் பார்த்தாராம். ஆபீஸ் அறையில் வைத்துக் கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம் என்றார் ஜிஎம். "சார், கல்யாணத்துக்குச் சேலைய கல்யாண வெளிச்சத்துலதான் பாக்கணும்," என்று சொல்லி, பிரஸ் ஷாப்புக்கு நடுவில் மேசை போடவைத்தார். பிரஸ்கள் தகட்டை இடித்துக்கொண்டிருக்கும்போதே சோதனை. வயசு வாரியாகப் பத்துப் பன்னிரண்டு பேரைச் சுற்றி உட்காரவைத்து, கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். எல்லோருக்கும் முதுகு மேசைப் பக்கம்.

முதலில் காசு அளவுக்கு ஒரு கறுப்பு வில்லை. "இதுக்குள்ள ஒரு பித்தளத் தகடு, அது மேல வெள்ளையா பீங்கான் மாதிரி ஒரு பூச்சு. கரண்டு விட்டா அந்தப் பூச்சு விரியும், சுருங்கும். கூடவே தகடும் அப்பளம் கணக்கா இப்பிடியும் அப்பிடியும் வளையும். ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்குல வளைஞ்சா கீச்சுன்னு கேக்கும். கடுகு கரண்டு போதும்," என்று எங்களுக்குச் சொல்லிவிட்டு அழுத்தினார். ஜிஎம் காதைப் பொத்திக்கொண்டார். "அம்மாடி, காதைக் கிழிக்குது. விலையும் கம்மி. இதையே போட்டுடலாம்."

இளவட்டங்கள் எல்லோரும் முகத்தைச் சுளித்துக் கையைத் தூக்கியிருந்தார்கள். மேசைக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்த தணிகாசலம் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக இருந்தார். கம்பெனி தொடங்கிய நாள் முதல் பிரஸ்ஸில் நிற்கிறவர், எங்களில் மூத்தவர். அவர் திரும்பிப் பார்த்து, "இன்னும் ஆன் பண்லியா மேடம்?" என்றார்.

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அவருக்கும் ஒரு கணம் கழித்துப் புரிந்துவிட்டது. தினமும் கேட்டில் அவரோடு பேசுகிறேன், ஒரு நாளும் எனக்கு இது தெரியவில்லை. பேசுகிறபோது வாயைப் பார்த்தே சமாளித்திருக்கிறார்.

மேடம் சட்டென்று அந்த வில்லையை எடுத்துப் பைக்குள் போட்டார். "இது வெளங்காது. இடி இடிக்கிற எடத்துல பல வருசம் நின்னா காதுல மொதல்ல போறது இந்தக் கீச்சுச் சத்தம்தான். காதுல பஞ்சு வச்சாலும் மொதல்ல நிக்கது இதுதான். அண்ணன் இல்லேன்னா நான் தப்பா வாங்கியிருப்பேன்," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். தணிகாசலத்தை அந்த வாரமே காது டாக்டரிடம் அழைத்துப் போனதும், பிரஸ் ஷாப்பில் எல்லோர் காதுக்கும் நல்ல மூடி வாங்கிக் கொடுக்கும்வரை ஜிஎம்மைத் தூங்கவிடாததும் தனிக் கதை.

அடுத்தது சுருள் பஸ்ஸர். "உள்ள கம்பிச் சுருள் காந்தமாவி தகட்ட இழுக்கும். இழுத்ததும் கரண்டு அத்துப்போவும், தகடு திரும்பும். திரும்பினதும் மறுபடி கரண்டு, மறுபடி இழுக்கும்." டர்ர் என்றது. கேட்டது, ஆனால் பிரஸ்ஸும் அதே ஜாதியில்தான் இரைகிறது. பாதிப் பேர் கையைத் தூக்கவில்லை.

கடைசியில் சிவப்பாக ஒரு ஊதுகுழல். "இதுக்குள்ள சுத்துறது ஒண்ணும் கெடையாது. ஒரு சின்ன சர்க்யூட்டு அலைய உண்டாக்கும், ஸ்பீக்கர் அதப் பெருசாக்கும். எந்தச் சத்தம் வேணும்னு உள்ள இருக்க குட்டி சுவிட்சத் தள்ளிச் சொல்லிக்கலாம்." ஒவ்வொன்றாகத் தள்ளினார். மூன்றாவதோ நான்காவதோ, அடிவயிற்றிலிருந்து கிளம்பி மேலே ஏறி, சட்டென்று விழுந்து, மறுபடி ஏறுகிற சத்தம். இரைச்சல் ஒரே சீராக இருந்தது, இது மட்டும் அதற்குள் அலைந்தது. தணிகாசலத்தின் கை எல்லோருக்கும் முன்னால் மேலே போனது.

"அதான்," என்றார் மேடம். வேறு எதையும் கேட்டுப் பார்க்கவில்லை.

கூரைமேல் பெரிதாக ஒன்று வைக்காமல், ஷெட்டுக்கு ஒன்றாகச் சிறியதாகப் பல மாட்டினார். பிரஸ் ஷாப்பில் மட்டும் கூடவே ஒரு சுழல் விளக்கு. அங்கங்கே கண்ணாடிக்குள் சிவப்புப் பொத்தான். பிறகு ஷிப்ட் ஷிப்டாக ஆட்களை நிறுத்தி, சத்தத்தைப் போட்டு, கேட்டு வரைக்கும் நடக்கவைத்தார். பேச்சே கிடையாது, சத்தம் போடுவார், நடக்க வேண்டும். கம்பெனி ஹாஸ்டல் பையன் ஒருத்தன், மதுரைக்காரன், கேண்டீனில் அந்தச் சத்தத்தை வாயாலேயே ஊதிக் காட்டினான். கூட்டம் சிரித்தது. அவர் அவனைத் தனியாக அழைத்து, "நல்லா ஊதுத. இனிமே ஊதாத. நீ வெளையாட்டுக்கு ஊதினா நாளைக்கு அது வெளையாட்டாவே கேக்கும்," என்றார். அவன் பிறகு ஊதவில்லை.

இரண்டாவது ஒத்திகையில் ஜிஎம் கேட்டில் நின்று ஒவ்வொருவர் கையாகப் பார்த்தார். டம்ளர் இல்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அதையே பாராட்டாக எடுத்துக்கொண்டு நம் மேடம் அன்று முழுக்கக் கம்பெனியை வலம் வந்தார்.

எல்லாம் சரி, ஒத்திகைதானே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு இளக்காரம் இருந்தது. அதுவும் போயிற்று ஒரு கோடைப் பிற்பகலில். நான் வழக்கம்போல டீக்கு ஒரு ஊது ஊதிவிட்டு உட்கார்ந்தேன். ஆட்கள் கேண்டீன் சுவரோரம் வரிசை கட்டிவிட்டார்கள். வெளியே பைப் வெல்டிங் செய்துகொண்டிருந்த காண்ட்ராக்ட் ஆளின் தீப்பொறி, தின்னர் ரூம் வாசலில் கிடந்த கந்தல் கூடையில் விழுந்தது. பெயிண்ட் ஷாப் லைன் லீடர் பார்த்துவிட்டார். கண்ணாடியை உடைத்துப் பொத்தானை அழுத்தினார்.

ஜன்னல் வழியாக நான் அதைப் பார்த்தேன், இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. ஷெட்டுகளுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் ஏறி விழுந்து ஏறியது. டீ வரிசை ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு மொத்த வரிசையும் அப்படியே திரும்பியது. டீ வாங்கியவர்கள் டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு நடந்தார்கள். ஓடவில்லை, தள்ளவில்லை, காலே கூட்டிக்கொண்டு வந்தது போல வந்தார்கள். டீக்குப் போகாமல் பிரஸ்ஸில் நின்றவர்களை முன்னால் நடத்திக்கொண்டு வந்தவர் தணிகாசலம். கேண்டீன் மாஸ்டர் அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியை மட்டும் மறந்துபோய்க் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

நான் கார்டுகளை வைத்துக்கொண்டு பேர் படித்தேன். அத்தனை பேரும் குரல் கொடுத்தார்கள். கடைசிப் பேருக்கும் பதில் வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் கேண்டீன் பக்கம் படபடவென்று வெடித்தது. வரிசை நின்ற இடத்தின் மேல் ஆஸ்பெஸ்டாஸ் கூரை துண்டு துண்டாக விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள். பிறகு அவர்கள் எல்லோரும் மேடத்தைப் பார்த்தார்கள்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து அணைத்து முடித்தது. ஒருவருக்கும் நகக்கீறல் கூட இல்லை. தீயணைப்பு அதிகாரி வந்து, மற்ற ஷெட்டுகளுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் கூட்டம் கேட்டை விட்டு நகரவில்லை. போகலாம் என்று வாயால் சொன்னால் பின்வரிசைக்குக் கேட்கவில்லை, கேட்டவர்களும் நம்பவில்லை.

ஜிஎம் என்னிடம் வந்தார். "உங்க சைரன ஒரு தடவ ஊதுங்க. எல்லாரும் உள்ள வரட்டும்."

நான் கிளம்பினேன். அவர் குறுக்கே வந்து நின்றார். "ஊதாதீங்க அண்ணாச்சி."

"ஏம்மா? எல்லாம் முடிஞ்சு போச்சே," என்றார் ஜிஎம்.

"முடிஞ்சிட்டுன்னு சொல்ல ஒரு சத்தம் வேணும்னு நான் யோசிக்கல சார். அது என் தப்பு," என்றார். அவர் வாயிலிருந்து 'என் தப்பு' என்று நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "அதுக்காவ இத எடுத்து ஊத முடியாது. ஒரு ஊதுன்னா டீ. டீ எங்க இருக்கு? இன்னைக்கு நம்ம வசதிக்கு ஒரு சத்தத்தப் பொய் சொல்லவச்சா, நாளைக்கு அந்தச் சிவப்புக் கொழலும் பொய்யோன்னு தோணும். இவ்வளவு பேரும் இப்பம் உசுரோட நிக்கது, சத்தம் சொன்னத நம்பினதால சார்."

ஜிஎம் இடிந்து விழுந்திருந்த கூரையைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டார். "மாஸ்டர், எதிர் டீக்கடையில பெரிய டிரம் இருக்குமா?"

"இருக்கும் சார்," என்றார் மாஸ்டர், கரண்டியை ஆட்டி.

கம்பெனி மொத்தத்துக்கும் டீக்கடையில் டீ கொதித்தது. செக்யூரிட்டிகள் டிரம்மைத் தூக்கிவர, ஜிஎம்மே பேப்பர் கப் கட்டுகளைச் சுமந்து வந்தார். மாஸ்டர் முதல் கப்பை ஊற்றி மேடம் கையில் கொடுத்தார். அவர் ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"இப்பம் ஊதுங்க அண்ணாச்சி."

தீக்காகக் கரண்டை நிறுத்தியிருந்தாலும் கேட்டுப் பக்கத்து லைனில் இருந்தது. நான் என் பொத்தானை அழுத்தினேன். கூரைமேல் சக்கரம் வேகம் பிடித்து, காற்றை நறுக்கி, வழக்கமான ஊளையை ஊதியது. கேட்டில் அத்தனை பேரும் கைதட்டினார்கள், விசில் அடித்தார்கள். மதுரைக்காரப் பையனும் இன்னும் சிலரும் அவரைத் தூக்கப் பார்த்தார்கள். "டீ கொட்டிரும், விடுங்கல," என்று அதட்டினார். முகம் மட்டும் பூரித்துப்போயிருந்தது. நானும் கைதட்டினேன், உள்ளங்கை சிவக்கும்வரை.

மறுநாள் காலை மதிலோரம் அவரோடு நடந்து வந்தபோது, வரப்பிலிருந்து கன்னியம்மா கூப்பிட்டாள்.

"இன்னா மேடம், நேத்து மத்தியானத்துக்கு மேல ரெண்டு தபா ஊதினீங்கோ. நாங்களும் ரெண்டு தபா மேல ஏறிட்டோம். மணி தப்பிப் போச்சா?"

"தப்பல அக்கா," என்றார் அவர். "நேத்து எங்களுக்கு ரெண்டு தடவ டீ."